கயிறு அறுந்த இடத்தில் நிறுத்தினேன்

வரலாறு என்று சொல்லி எங்கள் ஊரில் யார் கையிலும் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட முடியாது. உத்திரமேரூரைச் சுற்றி இருக்கிற எங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. அங்கே கோயில் சுவரில் ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வருகிறார்கள். நாங்கள் அந்தச் சுவரைக் கடந்து நெல் மண்டிக்குப் போகிறோம். வரலாறு ஏற்கெனவே நம் வீட்டுச் சொத்து, அதைத் தனியாக வேறு படிக்க வேண்டுமா என்று ஒரு நினைப்பு. முதன்முதலில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு புத்தகத்தை நீட்டி, வரலாற்றுப் புத்தகம், படித்துப் பாருங்கள் என்றேன். "வர்லாறா? அதான் கோயில் செவுத்துல எழுதி கீதே" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டார். அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

அன்றோடு வரலாறு என்ற சொல்லை விட்டுவிட்டேன். 'நல்ல புத்தகம்' என்று சொல்வதையும் விட்டேன். நல்லது என்றாலே கஷாயத்தைக் கண்ட மாதிரி முகத்தைச் சுளிக்கிறார்கள். இப்போது என் வழி வேறு. புத்தகத்திலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, பேச்சுவாக்கில் சொல்வதுபோல ஆரம்பிப்பேன். ஆள் யார், ஊர் எது, என்ன சிக்கல் என்று விளக்கமாகச் சொல்லிக்கொண்டே போய், இனி என்ன ஆகுமோ என்று கேட்பவர் வாய் திறக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்துவிடுவேன். மறுநாள் அவர்களே தேடிக்கொண்டு வருவார்கள். மிச்சம் புத்தகத்தில் இருக்கிறது என்பேன். இந்த வித்தையில் என்னை மிஞ்ச இந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது. பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வடக்கே திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் மீன் வாடை அடிக்கிற எத்தனையோ துறைமுகத் தெருக்களில் நடந்திருக்கிறேன். உப்பு மூட்டை ஏற்றிய ஒட்டகங்களின் பின்னால் பாலைவனத்தில் போயிருக்கிறேன். எல்லாம் எங்கள் ஊர் நூலகத்தின் தயவு. ஊராட்சி கொடுத்த ஒற்றை அறை அது. ஓரிக்கையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் அதைத் திறந்து வைத்திருப்பார். காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் வழியில், கையில் காலி கேனோடு உள்ளே நுழைந்துவிடுவேன். பல நாள் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருப்போம்.

எந்தப் புத்தகம் சுவையாக இருக்கும் என்று எனக்குச் சில கணக்குகள் உண்டு. ஒரு ஊரைப் பற்றி எழுதுகிறவர் அந்த ஊரில் ஒரு தடவையாவது வழி தவறியிருக்க வேண்டும். அங்கே எதையாவது தின்று வயிறு கெட்டிருந்தால் இன்னும் விசேஷம். எல்லாவற்றையும் ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்து எழுதியவரை நாலாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பழைய காலத்தைப் பற்றி எழுதுகிறவர் ராஜாவை அரண்மனையிலேயே விட்டுவிட்டு, ராஜாவின் செருப்புக்குத் தோல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தேடிப் போயிருக்க வேண்டும். முன்னுரையைக் கடைசியில் படித்தால் போதும். முன்னுரையில் மாட்டிக்கொண்டு புத்தகத்தையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது ஆளைப் பார்க்க வேண்டும். மாவு மில் வைத்திருக்கிற அம்மாவுக்கு நான் கொடுத்தது மிளகாயின் கதை. அது கடல் கடந்து வந்த சரக்கு, அதற்கு முன்னால் நம் குழம்பில் மிளகுதான் காரம் என்று சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று சண்டைக்கே வந்தார். என்னைப் பொய்க்காரி என்று நிரூபிப்பதற்காகவே புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவர், முடித்துவிட்டு அதே மாதிரி வேறொன்று கொடு என்று வந்து நின்றார். சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போகிற புத்தகத்தை யாரும் பாதியில் வைப்பதில்லை. என் கணவருக்குத்தான் இதெல்லாம் வேடிக்கை. கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர் அவர். "இன்னாமே, புஸ்தகத்துக்குக் கமிஷன் எதுனா தராங்களா?" என்று கேட்டுக் கேட்டே பொழுதை ஓட்டினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அறைக்கே ஆபத்து வந்தது.

நூலகத்தை ஒட்டி ஒரு பெரிய களம். அறுவடைக் காலத்தில் அங்கேதான் நெல் கொள்முதல் நடக்கும். விவசாயிகள் நெல்லைக் கொண்டுவந்து குவித்துவிட்டு, தங்கள் முறை வரும்வரை காவல் இருப்பார்கள். முந்தைய போகத்தில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எடைபோட்டுக் கட்டுவதற்கு வந்த காலிக் கோணிகள் திறந்த வெளியில் நனைந்துபோயின. கோணி காயும்வரை எடை நின்றது, எடை நின்றதால் குவியல்கள் நனைந்தன, நனைந்த நெல் முளைத்தது. எங்கள் குவியலும் முளைத்தது. கையில் அள்ளிப் பார்த்துவிட்டு நானும் அழுதேன். ஆகவே கோணி வைக்க ஓர் அறை வேண்டும் என்று ஊர் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. அதற்கு நூலகத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாரும் வராத இடம்தானே, புத்தகங்களை உத்திரமேரூருக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. மே தினத்துக் கிராம சபையில் தீர்மானம் போடுவதாக இருந்தார்கள். உத்திரமேரூருக்குப் பஸ் ஏறிப் போய்ப் புத்தகம் எடுத்து வர என்னை யார் விடப் போகிறார்கள்? மாடு இருக்கிறது, வயல் இருக்கிறது. அந்த அறை போனால் எனக்கு உலகமே மூடிவிடும். அப்படித்தான் எனக்கு இருந்தது.

இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் ஊராட்சித் துணைத் தலைவர். அவர் என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன். இங்கேதான் சிக்கல். எங்கள் குடும்பத்தில் மூத்தாரோடு தம்பி மனைவி நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. ஒரே வாசல், இரண்டு அடுப்பு. நாள் முழுக்க எதிரும் புதிருமாக நடமாடுகிறோம். ஆனாலும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொண்டதில்லை. மோட்டார் போடச் சொல்ல வேண்டுமென்றால்கூட என் ஓரகத்தியிடம்தான் சொல்ல வேண்டும். அவர் என் மூத்தாரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன். மூத்தாருக்கும் அதே கட்டுப்பாடு. "மாடு கத்துதுன்னு அவகிட்ட சொல்லு" என்று அக்காவிடம் சொல்வார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன். அக்காவும் முகம் மாறாமல் என் பக்கம் திரும்பி, மாடு கத்துதாம் என்பார்.

ஊரில் பூட்டிக் கிடக்கிற கட்டடம் வேறு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சமையலறை கட்டிய பிறகு சும்மா கிடக்கும் பழைய சத்துணவுக் கூடம். அதுவும் களத்துக்குப் பக்கம்தான். ஆனால் அதன் பின்சுவர் எங்கள் குடும்ப நிலத்துக்குள் ஒரு முழம் வந்திருக்கிறது என்று மூத்தார் தகராறு செய்து பூட்டு போட வைத்திருந்தார். அளந்து பார்த்துவிடலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், தனக்குத் தெரியாததையா சர்வேயர் வந்து சொல்லிவிடப் போகிறார் என்று எகிறுவார். வரப்புத் தகராறில் அவரை ஜெயித்தவர் இந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை. அதனால் அவர் முன்னால் அந்தக் கட்டடத்தின் பேரைக்கூட யாரும் எடுப்பதில்லை.

நேராகப் பேசவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூத்தாரைப் படிக்க வைத்துவிட்டால் அந்த அறையை மூட அவருக்கே மனசு வராது என்று நம்பினேன். எந்தப் புத்தகம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சர்வே கல்லைக் கண்டால் நின்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற மனிதர் அவர். வெள்ளைக்காரன் காலத்தில் சங்கிலி பிடித்து இந்த நாட்டையே அளந்தார்கள் அல்லவா, அந்தக் கதை நூலகத்தில் இருந்தது. பரங்கிமலைப் பக்கத்தில் ஆரம்பித்து, குன்று குன்றாக ஏறி, வடக்கே பனிமலை வரைக்கும் அளந்துகொண்டே போன கதை.

நவரைப் போகத்து அறுவடை முடிந்து எங்கள் நெல் களத்துக்குப் போனது. பகலில் மூத்தார் காவல், என் கணவர் வேலை முடிந்து வந்ததும் அவர் காவல். ஒரு நாள் காலை மூத்தார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குழாயடியில் பால் கேனைக் கழுவிக்கொண்டே அக்காவிடம் ஆரம்பித்தேன். அளக்கிற கருவி ஒன்று இருந்ததாம், ஆளுயரம், அரை டன் கனம், கப்பலில் வந்ததாம். தஞ்சாவூர்ப் பக்கம் எல்லாம் சமதரை, ஏறி நின்று பார்க்க மலை கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா, கோயில் கோபுரத்தின் மேலேயே அதை ஏற்றப் பார்த்தார்கள். கயிறு கட்டி, கப்பி வைத்து, ஆட்கள் கீழே நின்று இழுக்க இழுக்க அது அந்தரத்தில் போகிறது. நான் கேனை மூடினேன். கூடத்தில் சாப்பிடுகிற சத்தம் நின்றிருந்தது.

"பாதி ஒசரம் போச்சுக்கா. கயிறு அறுந்துடுச்சு" என்றேன்.

அக்கா பதறிப்போய், அப்புறம் இன்னா ஆச்சுடி என்றார். சொசைட்டி மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் மூத்தார் தொண்டையைச் செருமுவது கேட்டது. கேட்க முடியாதே, பாவம். எத்தனையோ வருஷமாக எனக்கு எரிச்சல் மூட்டிய அந்த வழக்கம் அன்றைக்குத்தான் எனக்கு உதவியது. தெருமுனை தாண்டியதும் எனக்கு வந்த சிரிப்பில் கேன் ஆடியது.

சாயங்காலம் அக்கா வந்தார். "அவுரு சரியாவே துன்னலடி. கயிறு அறுந்து அந்த மிஷினு இன்னா ஆச்சுன்னு ஒங்கிட்ட கேக்கச் சொல்றாரு" என்றார். எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது என்று பச்சையாகப் பொய் சொன்னேன். மறுநாள் களத்துக்குப் போன சாப்பாட்டுப் பையில், கேரியர் ஆடாமல் இருக்க அடியில் அந்தப் புத்தகத்தை வைத்து அனுப்பினேன். அக்காவும் நான் வைப்பதைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

பிறகு நடந்ததைக் களத்திலிருந்து வருகிறவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கருவி கோபுரத்துச் சுவரில் மோதி நெளிந்துபோனதையும், அதிகாரி கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து அந்த நெளிசலைத் தட்டித் தட்டிச் சரிசெய்ததையும் மூத்தார் படித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. திருப்பி முதல் பக்கத்துக்குப் போய் ஒழுங்காக ஆரம்பித்தார். தார்ப்பாய் நிழலில் சாய்ந்தபடி, பக்கத்துக் குவியல்காரர்களிடம் வெயிலில் இரும்புச் சங்கிலி நீளும், அந்த நீளத்தையும் கணக்கில் கழித்தார்கள் என்று விளக்கம் சொன்னார். சொன்னவர் சாப்பாடு வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். காவல் மாற்றப் போன என் கணவரிடம், ஒங்கண்ணன் பாதியிலே விட்டுட்டுப் போயிட்டாரு, மிச்சத்த நீ சொல்லு என்று ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். கமிஷன் கேட்டுக் கிண்டல் செய்தவர் அன்றைக்குப் புத்தகத்தைப் பிரித்தார். பதில் சொல்லாமல் விட்டால் மானம் போய்விடும் அல்லவா.

அதற்கப்புறம் எனக்கு வேலை அதிகம் இல்லை. மூத்தார் அக்கா மூலம் வேறு புத்தகம் கேட்டார். ஒரு துறைமுக ஊரின் கதை கொடுத்தேன். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் துறைமுகம் தூர்ந்துபோய், கப்பல் வந்த இடத்தில் இப்போது ஆடு மேய்கிற ஊர். அது களத்தில் கை மாறி எங்கோ போய்விட்டது. யாரிடம் இருக்கிறது என்று தேடியதில் ஒரே சண்டை. சண்டையைத் தீர்க்க நூலகப் பெண் உறுப்பினர் அட்டை போட ஆரம்பித்தார். மின்விசிறிக்காகவும் தண்ணீருக்காகவும் உள்ளே எட்டிப் பார்த்தவர்கள், ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நான் மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். கிராம சபைக்குப் பட்டுப்புடவை கட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

மே தினத்தன்று ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அக்காவும் நானும் சேர்ந்து உட்கார்ந்தோம். நூலகக் கட்டடத்தைக் கோணி வைக்க எடுத்துக்கொள்வது பற்றி என்று செயலர் வாசித்தார். மூத்தார் எழுந்தார். இதோ, வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"புஸ்தகம் நல்லாத்தான் கீது. நானே படிச்சேன், இல்லேங்கல" என்றார். "ஆனா கோணி நனைஞ்சா நெல்லு மொளைக்குது. புஸ்தகத்த உத்திரமேரூர்ல போயி எடுத்துக்கினு வரலாம். கோணிய அங்க வெச்சுக்கினு இங்க எட போட முடியுமா?"

ஷாமியானா முழுக்கத் தலையாட்டியது. கோபம் அவர்மேல் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததே, அதன்மேல்தான் கோபம். புத்தகம் படித்தால் மனிதர் மாறிவிடுவார் என்று நம்பியிருந்தேன். அவர் படித்தார், ரசித்தார், இருந்த இடத்திலேயே இருக்கிறார். படிக்க வைக்கத் தெரிந்த எனக்கு அடுத்தது என்ன என்று தெரியவில்லை. செயலர், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. எழுந்துவிட்டேன். யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊர் முழுக்க மூத்தாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கம் திரும்பினேன். மைக்கை வாயில் வைத்துக்கொண்டு அக்காவிடம்தான் பேசினேன்.

"அக்கா, அந்தப் புஸ்தகத்துல மொத மொத அளந்த கோடு கீது இல்ல, அத்த அவங்க ஒரு வாட்டி அளந்துட்டு விடல. திரும்பியும் அளந்தாங்க. தப்பு வந்தா எவ்ளோ தப்புன்னு அவங்களே எழுதி வெச்சாங்க. நம்மூர்ல சத்துணவுக் கூடம் பூட்டிக்கினு கெடக்குது. அத்த யாரும் ஒரு வாட்டிகூட அளக்கல. அளந்து பாத்துட்டா கோணிக்கு அங்கியே எடம் கெடைக்கும்."

உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் மூத்தாரின் பக்கம் திரும்பி, அளக்கணுமாம் என்றார். என் கையில் இன்னும் இருந்த மைக்கில் அந்த ஒற்றை வார்த்தை ஷாமியானா முழுக்கக் கேட்டது.

மூத்தார் மைக்கை வாங்கினார். அவரும் அக்காவைப் பார்த்துத்தான் பேசினார். "சர்வேயரக் காலையிலயே வரச் சொல்லணும்னு சொல்லு. வெயில்ல சங்கிலி நீண்டுக்கும்."

முதலில் களத்து ஆட்கள்தான் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். செயலருக்கு விஷயம் புரியவில்லை, பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் சிரித்தார். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. கூடத்தை அளப்பது, ஊராட்சி இடத்தில் இருந்தால் கோணிக்கு எடுத்துக்கொள்வது, இல்லையென்றால் நூலக அறையை எடுத்துக்கொள்வது என்று எழுதினார்கள்.

இந்தக் கடைசிப் பகுதி என் தூக்கத்தைக் கெடுத்தது. அவசரத்தில் நானே குழி தோண்டிவிட்டேனோ என்று பயம். சுவர் எங்கள் நிலத்தில் இருப்பதாகத் தெரிந்துவிட்டால் மூத்தார் கையில் அசைக்க முடியாத ஆதாரம் வந்துவிடும். கூடத்தின் பூட்டு அப்படியே இருக்கும், புத்தகங்கள் மூட்டையாகக் கட்டப்படும். அளக்காமல் இருந்தவரையாவது ஒரு சந்தேகம் இருந்தது. என் சொந்தக் குடும்பம் வரப்புத் தகராறில் தோற்க வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்ட மருமகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சர்வேயர் காலையிலேயே வந்தார். அவரிடம் சங்கிலி ஏது? ஒரு கருவியை முக்காலியில் நிறுத்தி, கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு புள்ளி எடுத்தார். மூத்தார் கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் தெரிந்தது. ஊரில் பாதி அங்கே நின்றது. நானும் அக்காவும் வேலி ஓரமாக நின்றோம். எல்லைக் கல்லைத் தேடி, முள்ளை வெட்டி, மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். சர்வேயர் கணக்குப் பார்த்துவிட்டு, சுவர் எங்கள் நிலத்துக்குள்தான் இருக்கிறது, ஒரு சாண் அளவுக்கு என்றார்.

நூலகப் பெண் களத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூத்தார் இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். ஜெயித்துவிட்ட பிறகு எதற்கு என்று சர்வேயர் கேட்டார். இந்தப் பக்கத்துக் கல்லிலிருந்து அளந்தீர்கள், அந்தப் பக்கத்துக் கல்லிலிருந்து அளந்து பாருங்கள் என்றார் மூத்தார். அளந்தார்கள். அதே சாண். மூத்தார் சுவர்ப் பக்கம் போய்த் தரையில் குந்தி, சர்வேயர் கோடு போட்ட இடத்திலிருந்து சுவர்வரைக்கும் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துப் பேசினார்.

"மொழம்னு சொல்லிக்கினு இருந்தேன். சாண்தான். மிச்சம் என் தப்பு, எழுதிக்கோங்க." கூடத்தின் பக்கம் திரும்பினார். "அந்த சாண் நம்பள்து. அத்த ஊருக்கே வுட்டுடறேன். பூட்டத் தொறங்க."

யாரோ விசிலடித்தார்கள். என் கணவர் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்கா என் கையை நசுக்கினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை. தோற்க வேண்டும் என்று நான் நேர்ந்துகொண்ட மனிதர், ஜெயித்துவிட்டுக் கொடுத்தார். அதைச் செய்ய வைத்தது அந்தப் புத்தகம்தான் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். என் கணவர், இல்லை, அண்ணன் எப்போதுமே அப்படித்தான் என்கிறார். எங்களுக்குள் இது இன்னும் தீரவில்லை.

அன்று மத்தியானமே கூடத்தைக் கழுவிவிட்டுக் கோணிகளை அடுக்கினார்கள். அடுத்த வாரம் ஒரு கோடை மழை நன்றாகவே பெய்தது. கோணி ஒன்றுகூட நனையவில்லை. மழைக்குக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒதுங்க ஓடினார்கள். கூடம் பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் நேராக நூலகத்துக்குள் நுழைந்தார்கள்.

நான் கேனோடு நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தபோது உள்ளே நாற்காலி எல்லாம் நிரம்பியிருந்தது. பெஞ்சிலும் இடம் இல்லை, சிலர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஊர் விரிந்து கிடந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அலமாரியிலிருந்து எனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கதவோரம் சாய்ந்தேன். அன்றைக்கு மழை விடும்வரை நின்றுகொண்டேதான் படித்தேன்.